மிளகைப் பச்சை இறைச்சிக்குப் பழக்கிய பதினான்கு வாரங்கள்

மிளகு என் பூனை. கறுப்பு, ஆண், கருத்தடை செய்தது, இதை ஆரம்பித்தபோது அவனுக்கு ஆறு வயது, எடை 5.8 கிலோ. குட்டியாக வந்ததிலிருந்து ட்ரை ஃபுட் மட்டும்தான். கிண்ணத்தில் காலையில் நிரப்பி வைப்பேன், அவன் நாள் முழுக்க வந்து வந்து கொறிப்பான், பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும், அதை எப்போதாவது நக்குவான். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

2024 ஏப்ரலில் ஒரு இரவு அவன் மணல் பெட்டிக்குள் போய்ப் போய் உட்கார்ந்தான். முதுகை வளைத்துக்கொண்டு முக்குகிறான், ஒரு சொட்டு வரவில்லை, வெளியே வந்து அடிவயிற்றை நக்குகிறான், திரும்ப உள்ளே போகிறான். மலச்சிக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை காலை வரை காத்திருக்கவில்லை. சிறுநீர்ப் பாதை அடைபட்டிருந்தது. ஸ்ட்ரூவைட் படிகங்கள், அதாவது சிறுநீரில் உப்புகள் சேர்ந்து இறுகியவை. குழாய் போட்டு மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது ஆண் பூனை இருந்தால் இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

படிகங்கள் கரைவதற்கான மருத்துவ உணவு சில வாரம் கொடுத்தோம். அது முடிந்தபோது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று, இவன் உடம்புக்குள் தண்ணீர் போகணும். பூனையின் மூதாதை பாலை நிலத்துக் காட்டுப்பூனை, இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு வாழ்ந்த பிராணி, தாகம் எடுத்துக் கிண்ணத்தைத் தேடிப் போகிற சுபாவம் அதற்குக் குறைவு. இறைச்சியில் 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், ட்ரை ஃபுட்டில் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் குடித்து ஈடுகட்ட அவனால் முடியவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் போக வேண்டும் என்பதற்கு டின்னில் வரும் ஈர உணவே போதும், பச்சை இறைச்சி தேவையே இல்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார். நான் பச்சை இறைச்சி வரை போனதற்குக் காரணம் வேறு. மிளகு சாப்பிட ஒப்புக்கொண்ட மூன்று வகை டின்னிலும் அவனுக்கு வயிறு இளகியது. ஒவ்வொன்றிலும் நாலைந்து இறைச்சி, கெட்டியாக்க ஏதேதோ பிசின், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெயர் தெரிந்த பொருள் மட்டும் போட்டு நாமே செய்தால் என்ன என்று கேட்டேன். டாக்டருக்கு அரை மனசுதான். பாக்டீரியாவைப் பற்றிக் கவலைப்பட்டார், அதைவிட அதிகமாகச் சத்துக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட்டார். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, யாரும் இல்லை என்றதும்தான் சம்மதித்தார். கூடவே இரண்டு நிபந்தனை: கலவையை அவரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது, சிறுநீரையும் ரத்தத்தையும் அவர் சொல்லும் நேரத்தில் எல்லாம் பரிசோதிக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் உணவை மாற்றவே இல்லை, நேரத்தை மட்டும் மாற்றினேன். நாள் முழுக்கக் கொறிக்கிற பூனைக்குப் பசி என்பதே தெரியாது, பசி தெரியாதவன் புதுசாக எதையும் தொடமாட்டான். முதலில் அவன் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறான் என்று எடை போட்டுப் பார்த்தேன், 68 கிராம். அதை 62ஆகக் குறைத்து மூன்று வேளையாகப் பிரித்தேன். வைத்து அரை மணி நேரம், அப்புறம் எடுத்துவிடுவேன். முதல் மூன்று நாள் ஃப்ரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து கத்தினான். நாலாம் நாளிலிருந்து கிண்ணம் வைக்கிற சத்தத்துக்கு ஓடி வந்தான். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் பின்னால் நடந்ததெல்லாம் இதன் மேல்தான் நின்றது. நேரம் பார்த்துச் சாப்பிடாத பூனையை எதற்கும் பழக்க முடியாது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை டின் உணவு. வயிறு அதிகம் இளகாத ஒரு வகையைத் தேர்ந்துகொண்டு, ட்ரை ஃபுட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன், அப்புறம் இரண்டு, அப்புறம் ட்ரை ஃபுட்டைத் தூளாக்கி மேலே தூவி. இதில் பெரிய சிரமம் இல்லை. ஆறாம் வாரக் கடைசியில் அவன் முழுக்க ஈர உணவுக்கு வந்துவிட்டான், மணல் பெட்டியில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகிவிட்டன, எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் அவசரப்பட்டேன்.

ஏழாம் வாரத் திங்கட்கிழமை காலை டின் உணவை அடியோடு நிறுத்திவிட்டு, கிண்ணம் நிறையப் பச்சை இறைச்சி வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு. மிளகு வந்தான், மோந்தான், ஒரு அடி பின்னால் போனான், பிறகு முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தான். மணல் பெட்டியில் மலத்தை மூடுகிற அதே அசைவு. இடது கால் மூன்று தடவை, வலது கால் இரண்டு தடவை, திரும்ப மோந்து பார்த்து, திரும்ப இடது கால். தரையில் மண் இல்லை என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. அதை உணவாகவே அவன் எண்ணவில்லை.

பச்சை இறைச்சி கொடுக்கிற ஒருவர் சொல்லியிருந்தார், பசித்தால் தானாகச் சாப்பிடும், மனசை இளக விடாதே என்று. நாயிடம் இது ஒருவேளை எடுபடலாம். நான் மதியமும் அதையே வைத்தேன், இரவும் அதையே வைத்தேன். மறுநாள் காலை கணக்குப் பார்த்தால் ஒரு முழு நாளுக்கு மேல் அவன் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. டாக்டருக்கு ஃபோன் செய்தேன். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். இப்போதே பழைய டின்னைத் திறந்து வை, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார்.

காரணம் இதுதான். பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வரும், பூனையின் ஈரலுக்கு அவ்வளவு கொழுப்பைக் கையாளத் தெரியாது, அது ஈரலிலேயே தேங்கிவிடும். ஈரல் கொழுப்பு நோய். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே தொடங்கலாம், குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். மிளகு குண்டு. பூனையைப் பட்டினி போட்டு எதற்கும் பணிய வைக்கக் கூடாது, 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அன்று காலை அவன் டின்னைச் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவனுடைய பிடிவாதம் என்று நான் நினைத்தது அவன் இயல்பு. குட்டியாக இருந்தபோது வாயில் பட்ட வாசனையும் பதமும்தான் பூனைக்கு உணவு என்று பதிகிறது. ஆறு வருஷம் மொறுமொறு உருண்டை தின்றவனுக்குக் குளிர்ந்த ஈரக் கட்டி எப்படி உணவாகத் தெரியும்?

சரி, திரும்ப ஆரம்பத்திலிருந்து. இந்த முறை கிராம் கணக்கில். 0.1 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன், இந்த முயற்சியில் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான், இறைச்சி அரைக்கிற மெஷினைவிட. டின் உணவில் 1 கிராம் பச்சை இறைச்சி, நன்றாகக் கலந்து. கண்டுபிடிக்கவில்லை. மூன்று நாள் 1 கிராம், மூன்று நாள் 2 கிராம், அப்புறம் 4, அப்புறம் 6. எட்டாம் வாரக் கடைசியில் வேளைக்கு 10 கிராம் வரை வந்தோம். 15 கிராமில் நின்றுவிட்டது.

நின்றது என்றால், கலவையைச் சாப்பிடுவான், ஆனால் தட்டில் இறைச்சித் துணுக்குகள் மட்டும் ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தமாக்கப்பட்டு ஓரத்தில் கிடக்கும். நாக்கால் டின் குழம்பை வழித்து எடுத்துவிட்டு, துணுக்கைத் தள்ளி வைத்திருக்கிறான். ஒரு நாள் எண்ணினேன், பதினேழு துணுக்கு. அப்போதுதான் உறைத்தது, அவனுக்கு ருசியில் பிரச்சினை இல்லை, பதத்தில்தான். பெரிய துளைத் தட்டில் அரைத்திருந்தேன். சின்னத் துளைத் தட்டை மாட்டி இரண்டு முறை அரைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைவாக்கினேன், அன்று இரவே தட்டு காலி. கூடவே சூடு. சின்ன ஜிப் பையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் கொன்ற இரையின் சூடு 38 டிகிரியை ஒட்டி இருக்கும், அந்தச் சூட்டில் வாசனையும் எழும்பும். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரம் வெந்து நடு குளிர்ந்து கிடக்கும், எலும்பு கலந்ததை அதில் வைக்கவே கூடாது. இன்னும் ஒன்று, ட்ரை ஃபுட் இரண்டு மூன்று உருண்டையை நசுக்கி மேலே தூவுவது. ட்ரை ஃபுட்டும் பச்சை இறைச்சியும் ஒரே வேளையில் போனால் செரிக்காது என்று பலரும் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை, மிளகுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தூள் இல்லாமல் நாங்கள் 15 கிராமைத் தாண்டியிருக்கவே மாட்டோம்.

பத்தாம் வாரம் பாதிக்குப் பாதி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் என்னைக் கவனமில்லாமல் ஆக்கியது.

எலும்புக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பலரும் வழுக்குகிற இடம் இதுதான். சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு, ஒன்றுக்குப் பதினைந்து இருபது மடங்கு வித்தியாசம். வெறும் சதையை மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்டத் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும், வளரும் குட்டிக்கு எலும்பு முறிகிற அளவுக்குப் போகும். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இதற்குத்தான் பச்சை எலும்பை அரைத்துச் சேர்ப்பது, பொதுவாகச் சொல்லப்படும் அளவு மொத்தத்தில் 10 சதவீதம் எலும்பு. சமைத்த எலும்பு கூர்மையாகச் சிம்பு சிம்பாக உடையும், அதைக் கொடுக்கவே கூடாது.

நான் கோழி இறக்கைகளை எலும்போடு அரைத்துச் சேர்த்தேன். இறக்கையில் மூன்றில் ஒரு பங்கு எலும்பு இருக்கும் என்று கண்ணளவில் கணக்குப் போட்டேன். உண்மையில் ஏறக்குறைய பாதி எலும்பு. 10 சதவீதம் என்று நான் நினைத்தது 15ஐ நெருங்கியிருந்தது. பதினோராம் வாரம் அவன் மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து, தொட்டால் பொடிந்தது. இரண்டு நாள் கழித்து இரவு பத்தரை மணிக்கு மணல் பெட்டியிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தால் மிளகு முதுகை வளைத்து முக்கிக்கொண்டிருக்கிறான். ஏப்ரலில் பார்த்த அதே உருவம்.

கை நடுங்கியது. மணலைக் கரண்டியால் கிளறிப் பார்த்தேன். சிறுநீர்க் கட்டி இரண்டு இருந்தது, ஒன்று இன்னும் ஈரமாக, எலுமிச்சை அளவுக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிறுநீர் போகிறது, அடைப்பு இல்லை, இது மலச்சிக்கல். இருந்தாலும் அன்று இரவே டாக்டரிடம் கூட்டிப் போனேன். எலும்பை உடனே நிறுத்தச் சொன்னார், மருந்து கொடுத்தார், இரண்டு நாளில் சரியானது. ஆனால் அதற்குப் பிறகு கண்ணளவு என்ற பேச்சே என் சமையலறையில் கிடையாது.

எலும்புக்குப் பதில் முட்டை ஓட்டுத் தூளுக்கு மாறினேன். ஓட்டைக் கழுவி, ஓவனில் பத்து நிமிஷம் உலர்த்தி, காபிக்கொட்டை அரைக்கிற மெஷினில் மாவு மாதிரி அரைப்பது, நறநறப்பு இருக்கக் கூடாது. ஓட்டில் 38 சதவீதத்தை ஒட்டிக் கால்சியம், அதனால் எலும்பைப் போல ஊகம் இல்லை, தராசில் வைத்தால் தெரிந்துவிடும்.

இதே நேரத்தில்தான் இன்னொரு தப்பும் பிடிபட்டது. நான் கொடுத்துக்கொண்டிருந்த கலவை, பச்சை இறைச்சிக்காரர்கள் எல்லோரும் சொல்கிற 80/10/10. எண்பது சதை, பத்து எலும்பு, பத்து உள்ளுறுப்பு, அதில் பாதி ஈரல். இதுவே முழு உணவு என்று பலர் நம்புகிறார்கள், டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வைட்டமின் ஈ, மாங்கனீஸ், அயோடின் போன்றவை இதில் குறைபடும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மீன் எண்ணெய் வேண்டும் என்று நான் காட் மீன் ஈரல் எண்ணெயை வாங்கி வைத்திருந்தேன். அதில் வைட்டமின் ஏ நிறைய, ஈரலிலும் நிறைய, இரண்டும் சேர்ந்து நாள்பட்டால் பூனையின் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து தலையைத் திருப்ப முடியாமல் போகும். பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த வீட்டுப் பூனை உணவுச் செய்முறைகள் 114ஐ எடுத்துப் பார்த்தார்கள். அலசிப் பார்க்கிற அளவுக்கு விவரம் இருந்தவை 94. வளர்ந்த பூனைக்கு வேண்டிய எல்லாச் சத்தும் பரிந்துரைத்த அளவில் இருந்த செய்முறை அவற்றில் ஒன்றுகூட இல்லை. நான் எங்கிருந்து செய்முறை எடுத்தேனோ அந்த மாதிரி இடங்கள்தான் அவை.

டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பூனைக்கு அதைத் தேவையான அளவு உடம்பிலேயே தயாரிக்க வராது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணின் விழித்திரை கெடும் என்பது 1975இல் தெரிந்தது, இதயத் தசை பலவீனமாகி வீங்கும் என்பது 1987இல் தெரிந்தது, அதற்குப் பிறகுதான் கடையில் விற்கிற உணவுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். பச்சை இறைச்சி கொடுத்தால் இந்தக் கவலை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அதே டேவிஸ் வளாகத்தில் முழு முயலையே எலும்பு, உள்ளுறுப்போடு அரைத்துப் பச்சையாகப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மலம் நன்றாக இறுகியது, பார்க்கவும் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. பத்து மாதத்தில் ஒரு பூனை இதய நோயால் செத்துப்போயிற்று, காரணம் டாரின் குறைவு. மலம் நன்றாக இருக்கிறது, ரோமம் மினுங்குகிறது என்று வெளியிலிருந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு பூனை போதும். அரைப்பதிலும் உறைய வைத்துக் கரைப்பதிலும் கொஞ்சம் போகும், அதனால் தனியாகச் சேர்க்கிறேன்.

கடைசியில் டாக்டர் பார்த்து முடிவு செய்த கலவை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்: எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 1500 கிராம், தோல் பாதி மட்டும். நெஞ்சுக்கறியைவிடத் தொடையில் டாரின் அதிகம். இதயம் 300 கிராம், ஈரல் 100 கிராம், அதற்கு மேல் ஈரல் கிடையாது. முட்டை மஞ்சள் கரு நான்கு, வெள்ளைக் கரு வேண்டாம், பச்சை வெள்ளைக் கரு பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் 300 மில்லி. முட்டை ஓட்டுத் தூள் 11.5 கிராம், டாரின் 4 கிராம், சாதாரண மீன் எண்ணெய் 4 கிராம். வைட்டமின் ஈ, பி வகைகள், அயோடின், துத்தநாகம், மாங்கனீஸ் அளவுகளை நான் எழுதப் போவதில்லை, அவை மிளகின் எடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பார்த்துப் போட்டவை, உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர்தான் போட வேண்டும். வெங்காயம், பூண்டு எந்த வடிவத்திலும் கூடாது, ரத்த அணுக்களை உடைக்கும். பச்சை மீனையும் இதில் சேர்க்கவில்லை, பல மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கிற நொதி இருக்கிறது. ஒரு நாளைக்கு 150 கிராம், மூன்று வேளை, ஒரு தடவை செய்தால் பதினைந்து நாள் வரும்.

செய்கிற நாள் ஞாயிறு காலை. இறைச்சியைக் கழுவுவதில்லை, கழுவினால் பாக்டீரியா தொட்டியெல்லாம் தெறிக்கும். அரைத்துக் கலந்து 150 கிராம் டப்பாக்களில் போட்டுத் தேதி எழுதி நேரே ஃப்ரீசர். கரைப்பது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், முந்தின நாளே. கரைத்ததை இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், தட்டில் அரை மணிக்கு மேல் இருந்தது குப்பைக்கு. தட்டு, கரண்டி, பலகை, மெஷின் பாகங்கள் எல்லாம் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மோனெல்லா, லிஸ்டீரியா மாதிரி பாக்டீரியாக்கள் தூங்கும், அவ்வளவுதான். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., விற்பனைக்கு வந்த செல்லப்பிராணிகளுக்கான பச்சை உணவு மாதிரிகள் 196ஐச் சோதித்ததில் 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. பூனை தாங்கிக்கொள்ளலாம், தட்டைக் கழுவுகிற மனுஷன் படுக்கலாம். மிளகு சாப்பிட்ட உடனே என் முகத்தை நக்க வருவான், அந்தப் பழக்கத்தை மட்டும் வருத்தத்தோடு நிறுத்திவிட்டேன்.

பதினான்காம் வாரம், செப்டம்பர் முதல் வாரம், முழுக்க முழுக்கப் பச்சை இறைச்சி. எடை 5.3 கிலோ, வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்குள்தான் இறங்கியது, அதைவிட வேகமாக இறக்கக் கூடாது. வயிறு இளகுவது நின்றது, மலம் சிறுத்து வாசனை குறைந்தது. சிறுநீரில் படிகம் இல்லை, முன்பைவிட நீர்த்திருந்தது. ரத்தத்தில் எல்லாம் சரி.

அப்புறம் டிசம்பர் கடைசியில் ஒரு செய்தி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வெளியே போகாத வீட்டுப் பூனை ஒன்று எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்திருக்கிறது, அது சாப்பிட்ட, உறைய வைத்து விற்கிற பச்சை வான்கோழி உணவிலும் அதே வைரஸ். அன்று இரவு தூக்கமே இல்லை. என் ஃப்ரீசரில் இருந்தது பெரும்பாலும் கோழி. பாக்டீரியாவைச் சுத்தத்தால் சமாளிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லி வந்தேன், இதற்கு அந்தச் சமாதானம் போதாது, இந்த வைரஸ் தொற்றிய பூனைகள் பல இறந்துபோகின்றன. மறுநாள் டாக்டரிடம் பேசிவிட்டுக் கோழியை வேக வைக்க ஆரம்பித்தேன்.

சமைத்தால் இறைச்சி செத்த உணவாகிவிடும் என்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது 1932இல் தொடங்கிப் பத்து வருஷம் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் பூனைகளிடம் செய்த சோதனையை. சமைத்த இறைச்சி தின்ற பூனைகள் தலைமுறை தலைமுறையாக நலிந்தன. ஆனால் டாரின் என்ற சொல்லே பூனை உணவுப் பேச்சில் இல்லாத காலம் அது, வேக வைத்ததில் போன டாரினை அவர் திரும்பச் சேர்க்கவில்லை. தராசும் டாரின் பொடியும் கையில் இருக்கிற எனக்கு அந்தப் பயம் தேவையில்லை என்று தோன்றியது. எலும்பை முன்பே விட்டிருந்ததால் மாற்றம் சுலபமாக இருந்தது. சிறு துண்டாக நறுக்கி மூடி போட்டு உள்ளே 74 டிகிரி வரும் வரை மட்டும் வேக வைத்து, வடிந்த சாறு முழுவதையும் திரும்ப ஊற்றிவிடுவேன், டாரின் போவது அந்தச் சாற்றில்தான். ஆறிய பிறகு மற்றதெல்லாம், மஞ்சள் கருவை மட்டும் கோழியோடு சேர்த்தே வேக வைத்துவிடுகிறேன். மிளகு முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து சாப்பிட்டான். தரையைப் பிறாண்டவில்லை.

முயல் மட்டும் இன்னும் பச்சையாகப் போகிறது, வாரத்துக்கு நாலு வேளை, அதற்குத் தனிக் கணக்கு, டாரின் அதே அளவு. டாக்டர் அதையும் வேக வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இந்த முறை டாரின் அளவையும் சேர்த்துப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். தினமும் காலையில் மணல் பெட்டியைக் கிளறி நோட்டில் எழுதுவது மட்டும் ஏப்ரலிலிருந்து ஒரு நாளும் விடவில்லை. இன்று காலை எழுதியது: சிறுநீர்க் கட்டி மூன்று, பெரியவை. மலம் ஒன்று, பழுப்பு, சரியான பதம். சாப்பிட்டது 50 கிராம், மிச்சம் இல்லை.